சாவி நம் கையில். பட்டா யார் பெயரில்?

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவதில் உள்ள அலைச்சலையும் செலவையும் பட்டறிந்தவர்கள் சொல்லிவைத்த சொல் அது. ஆனால், இன்று மலேசியத் தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலோர் வீட்டைக் கட்டுவதில்லை; வாங்குகிறோம். கல், மணல், சிமெண்டு பற்றிய கவலை மேம்பாட்டாளருடையது. நம்முடைய கவலை தாள்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். அப்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம்மவர் வீடு பார்க்கப் போகும்போது என்னென்ன கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை அறை? வாசல் எந்தத் திசை? பக்கத்தில் தமிழ்ப்பள்ளி உண்டா? மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? எல்லாம் நல்ல கேள்விகளே. ஆனால், 'இந்த நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? அதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கடைசியில்கூடக் கேட்பதில்லை. இந்த நிலை மாற வேண்டும். அதை மாற்றும் பொறுப்பு பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நம் தலைமுறைக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நான் சுங்கை ரம்பாயில் வளர்ந்தவள். மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், மெர்லிமாவுக்கும் மூவாருக்கும் இடையில் உள்ள சிற்றூர் அது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். எங்கள் வட்டாரத் தமிழர்களின் வீடுகளில் இருபது ஆண்டுக்கு முன்புவரை மூன்று வகை உண்டு: தோட்டத்து லயம், கம்பத்தில் பலகை வீடு, தாமானில் கல்வீடு. என் பாட்டி முதல் வகையில் பிறந்து, இரண்டாம் வகையில் பிள்ளை வளர்த்து, மூன்றாம் வகையில் கண்மூடினார். மூன்று வீட்டிலும் அவர் கையில் சாவி இருந்தது. எந்த வீட்டின் பட்டாவையும் அவர் கண்ணால் கண்டதில்லை.

இதற்கு அவரைக் குறை சொல்ல இயலாது. தோட்ட வாழ்க்கையில் வீடு என்பது வேலையோடு ஒட்டிவந்த ஒன்று. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். வேலை போனால் கூரையும் போகும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கட்டளையிட்டது. ஆனால், அந்த வீட்டைத் தொழிலாளியின் உடைமை ஆக்கவில்லை. 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் ஏராளம். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணமே இந்தத் தோட்டத் துண்டாடல்தான். தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் திரட்டி, 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. 'நிலம் நம் பெயரில் இருந்தால்தான் கூரை நிலைக்கும்' என்ற பாடத்தை அன்றே ஒருவர் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அறுபது ஆண்டு கடந்தும் அதை நாம் வீட்டளவில் கற்றோமா?

இனி, வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் நம் வீடுகளில் எழும் சில ஐயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டை வாங்கினால் நிலமும் நமதா?

நம் நாட்டில் நிலத்துக்கு உரியவர் யார் என்பதைப் பதிவேடுதான் தீர்மானிக்கிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் அப்படித்தான் அமைக்கப்பட்டது. பணம் கொடுத்தவர், சாவி வைத்திருப்பவர், நாற்பதாண்டு குடியிருப்பவர் ஆகிய யாரும் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் சட்டப்படி உரிமையாளர் ஆகார். அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அந்தக் காரணத்தால் மட்டும் உரிமை பிறக்காது என்று அச்சட்டம் தெளிவாகவே கூறுகிறது.

என் தாய்மாமன் ஒருவர் 1990களில் கம்பத்தில் ஒரு பலகை வீட்டை 8,000 வெள்ளிக்கு வாங்கினார். காப்பிக் கடையில் வைத்து ஒரு தாளில் எழுதி, இருவர் சாட்சிக் கையொப்பமிட்டு, முத்திரையும் ஒட்டினார்கள். முத்திரை ஒட்டியதால் அது 'கிராண்டு' ஆகிவிட்டது என்றே குடும்பம் முழுவதும் நம்பியது. உண்மையில் விற்றவர் கையில் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே. அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் நாளோடு முடியும். அதை இன்னொருவருக்கு மாற்றித் தரச் சட்டத்தில் இடமில்லை. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும். விற்றவர் காலமான பிறகு என் மாமாவுக்கு மிஞ்சியது கழற்றி எடுத்த துத்தநாகத் தகடுகள்தாம்.

இது ஒரு குடும்பத்தின் கதை. ஓர் ஊரே இதே பாடத்தை நாட்டறியக் கற்றதுண்டு. பினாங்கில் கம்போங் புவா பாலா என்ற தமிழர் குடியிருப்பை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். மாடு வளர்த்து, கோயில் கட்டி, தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் அவர்கள். நிலமோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்குப் பதிவாகி, மேம்பாட்டுத் திட்டத்துக்குப் போனது. குடியிருந்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். அவர்கள் கையில் இருந்தவை காலாவதியான தற்காலிக உரிமங்கள். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் கூட்டரசு நீதிமன்றத்திலும் அவர்களுக்குச் சாதகமான முடிவு கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தவர்களுக்கு நியாயம் கிடைத்ததா என்று இன்றும் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால், அந்தத் தாள்களின் பொருளை முப்பதாண்டு முன்னரே அவர்களுக்கு யாராவது தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தால், போராட்டத்தை முப்பதாண்டு முன்னரே தொடங்கியிருப்பார்கள் அல்லவா? அந்த எண்ணம்தான் என்னை வாட்டுகிறது.

பட்டா இருந்தால் போதுமா?

போதாது. பட்டாவை முழுதும் படிக்க வேண்டும். அது நிரந்தர உரிமையா, 99 ஆண்டு போன்ற குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது? 'விவசாயம்' என்று எழுதியிருக்கும் நிலத்தில் வரிசை வீடு எழுப்ப முடியாது. மலாய்மொழியில் 'சியாராட் ஞாத்தா' என்பது அந்நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. 'செக்காத்தான் கெபெந்திங்ஙான்' என்பது அதைக் கைமாற்றுவதற்கு உள்ள தடை. மலிவு விலை வீடுகள் பலவற்றில் 'மாநில அரசின் ஒப்புதல் இன்றி விற்கக்கூடாது' என்ற தடை இந்தப் பகுதியில்தான் இருக்கும். அதைப் படிக்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு, ஒப்புதலுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை நம் தாமான்களிலேயே பார்க்கலாம்.

மலாக்காக்காரர்களாகிய எங்களுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். தீபகற்பத்தின் மற்ற மாநிலங்கள் பலவற்றில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று ஒன்று உண்டு. மலாக்காவில் அதைப் போன்றது மலாக்கா வழக்காற்று நிலம். பினாங்கு, மலாக்கா நிலப் பட்டாக்களுக்கென்றே 1963இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறது. பட்டாவில் 'எம்.சி.எல்.' என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது அந்த வகை. மலாய்க்காரர் அல்லாத ஒருவர் பெயருக்கு அந்த நிலத்தை மாற்ற முடியாது. 'கம்பத்து ஓரத்தில் நல்ல நிலம், விலையும் மலிவு' என்று தரகர் ஒருவர் சொன்னால், மலிவுக்குக் காரணம் அந்த மூன்று எழுத்துகளாக இருக்கலாம். அதை அறிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சுங்கை ரம்பாய் நிலம் என்றால் ஜாசின் மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம். உரிமையாளர் பெயர், வங்கி அடமானம், பிறர் போட்ட தடை மனு எல்லாம் அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நம்மவர் கொடுத்த பிறகு செய்கிறார்கள். பலர் செய்வதே இல்லை.

விற்பவர் உண்மையான உரிமையாளர்தானா?

இது சினிமாவில் மட்டும் வரும் கேள்வி அன்று. பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்குப் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் நிலம் இருந்தது. அவர்போல் நடித்து வேறொருவர் போலிக் கையொப்பத்தால் அதை விற்றுவிட்டார். கூட்டரசு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில், நல்லெண்ணத்தோடு வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் உரியது என்று தீர்ப்பளித்தது. ஒரு தவறும் செய்யாத உரிமையாளர் நிலத்தை இழந்தார்! அத்தீர்ப்பு பிழையானது என்று அதே நீதிமன்றம் 2010 ஜனவரியில், குவாந்தான் நிலம் ஒன்றைப் பற்றிய தான் யிங் ஹோங் வழக்கில் அறிவித்தது. போலி ஆவணத்தின் மூலம் நேரடியாக உரிமை பெற்றவருக்கு இனிப் பாதுகாப்பு இல்லை. ஆனால், அவரிடமிருந்து அடுத்தபடியாக நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கு இன்றும் பாதுகாப்பு உண்டு.

இதிலிருந்து வாங்குபவர் அறிய வேண்டியது: பட்டாவில் உள்ள பெயரும் அடையாள அட்டையும் ஆளும் ஒன்றுதானா என்று பாருங்கள். 'எனக்குப் பவர் கொடுத்திருக்கிறார்' என்று வேறொருவர் வந்தால், அந்த அதிகாரப் பத்திரம் உயர்நீதிமன்றத்தில் பதிவாகியுள்ளதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னர் உங்கள் பெயரில் தனியார் தடை மனு, அதாவது 'கவியாட்', போடச் சொல்லுங்கள். அது ஆறாண்டு வரை செல்லும். இடையில் அந்த நிலம் வேறொருவர் கைக்குப் போகாமல் தடுக்கும். விற்பவர் அறிய வேண்டியதும் ஒன்று உண்டு. பட்டாவை அலமாரியில் பூட்டிவைத்தால் மட்டும் போதாது. வெளியூரில் இருப்பவர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிவேட்டைத் தேடிப் பார்த்துத் தம் பெயர் அங்கே இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

புதிய தாமான் வீட்டுக்கு 'புக்கிங்' பணம் கொடுக்கலாமா?

மேம்பாட்டாளரிடம் புதுவீடு வாங்குவோருக்கு 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. ஒப்பந்தத்தின் வாசகத்தையே அரசாங்கம் வகுத்துவைத்துள்ளது. மேம்பாட்டாளர் தம் வசதிக்கு மாற்ற முடியாது. தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தங்களின் அடிப்படைக் காலக்கெடு. ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் 'புக்கிங்' பணம் வாங்குவதை விதிமுறை தடுக்கிறது. ஆயினும் அது வாங்கப்படுகிறது என்பது நாடறிந்த உண்மை. 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் இதற்கு ஒரு முடிவு சொன்னது: மேம்பாட்டாளர் முன்கூட்டியே அப்பணத்தை வாங்கியிருந்தால், தாமதத்துக்கான இழப்பீட்டை அந்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். ஆகவே அந்த ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வீட்டில் விரிசலோ ஒழுகலோ தென்பட்டால், சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதத்துக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். வாய்வார்த்தை உதவாது. மேம்பாட்டாளர் செவிசாய்க்காவிட்டால் 2002 முதல் இயங்கும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே சென்று பேசலாம். ஆனால், பழைய வீட்டைத் தனியாளிடம் வாங்கியவருக்கு இந்த நடுவர் மன்றக் கதவு திறக்காது. அவருடைய பாதுகாப்பு அவர் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் மட்டுமே உள்ளது. அதனால்தான் அதைப் படித்துவிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்கிறேன்.

வழக்கறிஞர் யாருடைய வழக்கறிஞர்?

'வழக்கறிஞர் செலவு இலவசம்' என்ற விளம்பரப் பதாகையைப் பார்த்து மகிழாதவர் யார்? அந்த வழக்கறிஞருக்குப் பணம் கொடுப்பவர் யார் என்றும் சிந்திக்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, வீட்டு மேம்பாட்டாளருக்காகச் செயல்படும் வழக்கறிஞர் அதே விற்பனையில் வாங்குபவருக்காகவும் செயல்படக் கூடாது. அப்படியென்றால், அந்த அலுவலகத்தில் உங்கள் எதிரில் அமர்ந்து 'இங்கே கையெழுத்து, இங்கேயும்' என்று பக்கம் புரட்டுபவர் உங்களுக்காகப் பேசக் கடமைப்பட்டவரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. இது மரியாதைக் குறைவான கேள்வி என்று நம் பெரியவர்கள் தயங்குகிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு கடன் சுமக்கப்போகிறவர் ஒரு கேள்வி கேட்க ஏன் தயங்க வேண்டும்?

செலவுக் கணக்கையும் முன்பே போட்டுவிடலாம். 300,000 வெள்ளிக்குப் பழைய வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். உரிமை மாற்ற முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 200,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு. ஆக 5,000 வெள்ளி. வங்கிக் கடன் 270,000 வெள்ளி என்றால் கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு முத்திரை வரி, அதாவது 1,350 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் 2023ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி, முதல் 500,000 வெள்ளி வரை 1.25 விழுக்காடு, இங்கே 3,750 வெள்ளி. கடன் ஒப்பந்தத்துக்கு இன்னொரு கட்டணம் தனி. முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் முத்திரை வரி விலக்கு அளித்து வந்துள்ளது; கையொப்பமிடும் முன் அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். '10 விழுக்காடு முன்பணம் இருந்தால் போதும்' என்று புறப்பட்டவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு தாலிக்கொடியை அடகு வைக்கப் போவதை நாம் காணாததா?

கணவர் இறந்தால் வீடு தானாக மனைவிக்கு வருமா?

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் தவறான நம்பிக்கை இதுதான். கணவன் மனைவி இருவர் பெயரில் வீடு இருந்தாலும், ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போகாது. அது இறந்தவரின் சொத்தாகவே நிற்கும். உயில் இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பேசும். முஸ்லிம் அல்லாத ஒருவர் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரை விட்டு இறந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. காப்புறுதி வங்கிக் கடனை அடைத்துவிட்டது என்பதால் பட்டாவில் பெயர் மாறிவிடாது. கடன் வேறு, உரிமை வேறு.

எங்கள் ஊர்ப்பக்கம் பாட்டனார் பெயரிலேயே இன்னும் நிற்கும் வீடுகள் உண்டு. பாட்டனார் போய் இருபதாண்டு ஆகியிருக்கும். வாரிசுகள் மூன்று பேர் பதினொரு பேராகப் பெருகியிருப்பார்கள். ஒருவர் ஜொகூரில், ஒருவர் சிங்கப்பூரில். விற்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. உயில் எழுதாமல் இறந்தவர் விட்டுச்சென்ற நிலமும் பிற சொத்தும் 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நீதிமன்றம் போகாமலே முடித்துக்கொள்ளலாம். முன்பு 20 லட்சமாக இருந்த இந்த வரம்பு 2024 ஜூலையில் உயர்த்தப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு அன்பளிப்பாக எழுதிவைக்க விரும்பும் குடிமக்களுக்கும் சலுகை உண்டு. பெற்றோர் பிள்ளைகளுக்கிடையே நடக்கும் இத்தகைய மாற்றத்தில் முதல் 10 லட்சம் வெள்ளிக்கு 2023 ஏப்ரல் முதல் முத்திரை வரி இல்லை. ஆனால், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஒண்டக் கூரையின்றி நிற்கும் பெற்றோரையும் நாம் அறிவோம். சலுகை இருக்கிறது என்பதற்காக அவசரப்பட வேண்டியதில்லை என்பதையும் பெற்றோருக்குச் சொல்வது பிள்ளைகளாகிய நம் கடமை.

விற்கும்போது என்ன கேட்க வேண்டும்?

விற்பவரின் முதல் கேள்வி, 'என் கைக்கு எவ்வளவு வரும்?' என்பதாக இருக்க வேண்டும். வங்கிக் கடன் பாக்கி முதலில் கழியும். நில வரி, மதிப்பீட்டு வரி பாக்கிகள் அடுத்துக் கழியும். வாங்கிய மூன்றாண்டுக்குள் குடிமகன் ஒருவர் வீட்டை விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு வரியாகப் போகும். ஆறாம் ஆண்டு முதல், 2022 தொடக்கம், குடிமக்களுக்கு இந்த வரி இல்லை. வாழ்நாளில் ஒருமுறை, தாம் குடியிருந்த வீட்டுக்கு விலக்குக் கோரும் வாய்ப்பும் உண்டு. விலையில் 3 விழுக்காட்டை வாங்குபவர் பிடித்து வருமான வரி வாரியத்திடம் செலுத்துவது வழக்கமான சட்ட நடைமுறை. இதை அறியாமல் 'லாயர் என் பணத்தைப் பிடித்துக்கொண்டார்' என்று சண்டைக்குப் போவோர் உண்டு.

மொழிக் கழகத்துக்கு இதில் என்ன வேலை?

இவ்விடத்தில் வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தமிழ் மொழிக் கழக ஆண்டு மலரில் முத்திரை வரிக்கும் தடை மனுவுக்கும் என்ன இடம்? இது வழக்கறிஞர்களின் வேலை அல்லவா? இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அரைகுறையாகப் படித்தவர் சட்ட ஆலோசனை சொல்லத் தொடங்கினால் ஆபத்துதான். நான் சட்டம் படிப்பவளும் அல்லள்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பட்டா மலாய்மொழியில் இருக்கிறது. வங்கி ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் கையொப்பமிடும் நம் பெற்றோர் பலருக்கு ஓடிவரும் மொழி தமிழ் ஒன்றுதான். தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளியில் தொடர்ந்த என் போன்றோரின் கையில் இரு கரைக்கும் போகும் ஓடம் இருக்கிறது. அந்த ஓடத்தை நாம் தேர்வு எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்திக் கரை ஏறிவிட்டால் போதுமா? கவிதைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்தும் நம் கழகம், மொழி வாழ வேண்டும் என்று ஆண்டுதோறும் முழங்குகிறது. ஒருவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய கையொப்பத்துக்குப் பயன்படாத மொழி எப்படி வாழும்?

எனவே, கழகத்தின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். நில, வீட்டு ஆவணங்களில் வரும் ஐம்பது சொற்களை எடுத்துக்கொள்வோம். மலாய்ச் சொல், நம் பெரியவர்கள் வழங்கும் சொல், எளிய தமிழில் ஒரு விளக்கம் என்று ஒரு சிறு கையேடு தயாரிப்போம். சட்டத்துறையில் பயிலும் நம் உறுப்பினர்களும் வழக்கறிஞர்களாக இருக்கும் நம் முன்னாள் மாணவர்களும் அதைச் சரிபார்த்துத் தரட்டும். விடுமுறையில் ஊர் திரும்பும் ஒவ்வோர் உறுப்பினரும் பத்துப் படிகளைத் தம் தாமானுக்கும் கோயிலுக்கும் கொண்டுபோகட்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது.

கையேடு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடமோ அம்மாவிடமோ 'நம் வீட்டுப் பட்டா எங்கே இருக்கிறது?' என்று கேளுங்கள். எடுத்துவந்து விரித்து, நான்கு வினாக்களுக்கு விடை தேடுங்கள். யார் பெயரில் இருக்கிறது? எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது? என்ன நிபந்தனை, என்ன தடை எழுதியிருக்கிறது? யாரிடம் அடமானத்தில் இருக்கிறது? விடைகளைத் தமிழில் அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும், தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போகலாம். லயத்தில் தொடங்கிய நம் பயணம் கல்வீடு வரை வந்துவிட்டது. அந்தக் கல்வீடு நம்முடையதுதான் என்று சொல்லும் தாளையும் நாமே படித்தறியும் காலம் வரட்டும்.